பெயரேடு யார் கையில்?

(செகந்திராபாத் மாரெட்பள்ளியில், தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாரெட்பள்ளியில் ஏலச்சீட்டு என்றால் எவருக்கும் விளக்கம் தேவைப்படாது. இருபது குடும்பங்கள் மாதம் ஐயாயிரம் ரூபாய் வீதம் போடுகின்றன. மாதந்தோறும் ஒரு லட்சம் சேர்கிறது. யார் அதிகம் தள்ளிக் கேட்கிறாரோ அவருக்குச் சீட்டு விழுகிறது. தள்ளிய தொகை மற்றவர்களுக்குக் கசராகப் பிரிகிறது. கம்பெனிகள் நடத்தும் சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார், ஜாமீன் கையெழுத்து இருக்கிறது. தெருவுக்குள் நடக்கும் சீட்டுக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம்தான் உண்டு. இரண்டாம் மாதமே சீட்டை எடுத்து, எழுபத்தைந்தாயிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டவர், இன்னும் பதினெட்டு மாதங்கள் எதற்காகத் தவணை கட்ட வேண்டும்? வெறும் கணக்குப் போட்டுப் பார்த்தால், கட்டாமல் இருந்துவிடுவதே அவருக்கு லாபம். இருந்தும் பெரும்பாலோர் கட்டுகிறார்கள். ஓடிப்போனவர்களைப் பற்றிய பேச்சு பல ஆண்டுகள் நீடிக்கிறது என்பதே, ஓடிப்போவது வழக்கமன்று என்பதற்குச் சான்று.

அவரைக் கட்டவைப்பது பெயர். நாளை மகள் திருமணத்திற்குக் கைமாற்று வேண்டும், மகனுக்கு வாடகை வீடு வேண்டும், மருத்துவமனையில் இரவு துணைக்கு ஆள் வேண்டும். அப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி "அவர் எப்படிப்பட்டவர்?" என்பதுதான். ராணுவ முகாமும் ரயில்வேயும் செகந்திராபாத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே நிலமும் இல்லை, ஊரும் இல்லை, பங்காளிகளும் இல்லை. அந்நிய மொழி பேசும் நகரில் அவர்கள் முதலில் சேர்த்த சொத்து பெயர்தான்.

சின்னஞ்சிறிய இந்தச் சீட்டு நோட்டுக்குள் மனித சமூகத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்று அடங்கியிருக்கிறது. கூட்டு உழைப்பின் பலன் பொதுவாக வருகிறது. அதற்கான இழப்பு தனித்தனியாக வருகிறது. பலனில் பங்கு பெற்றுக்கொண்டு இழப்பிலிருந்து நழுவிக்கொள்பவர் ஓசிச் சவாரி செய்கிறார். எல்லோரும் அப்படியே நினைத்தால் சவாரி செய்ய வண்டியே இருக்காது. பிறகு எப்படி மனிதர்கள் இவ்வளவு காலம் ஒத்துழைத்து வாழ்ந்திருக்கிறார்கள்? சங்கம் கட்டும் எவரும் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வி இது. சந்தா கட்டாதவருக்கும் ஊதிய உயர்வு கிடைக்கத்தான் செய்கிறது.

இங்கிருந்து வெகு தொலைவில் இல்லாத லாலாகுடா பணிமனையும் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மத்திய ரயில்வேயும் இந்தக் கேள்வியை 1974ஆம் ஆண்டு மே மாதம் நேருக்கு நேர் சந்தித்தன. மே 8 அன்று தொடங்கிய அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் 20 நாட்கள் நீடித்தது. சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் ஈடுபட்ட போராட்டம் அது. போனஸ், ஓடும் தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலை, பொதுத்துறைக்கு நிகரான ஊதியம் ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். தொடங்குவதற்கு முன்பே தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர், வேலை இழந்தனர்; பணிமுறிவு என்ற ஒரே சொல்லால் பல்லாண்டுப் பணிக்காலம் அழிக்கப்பட்டது.

இந்த வேலைநிறுத்தத்தில் நிர்வாகம் செய்த ஒரு காரியம் இன்றைய தலைப்புக்கு மிக நெருக்கமானது. வேலைக்கு வந்தவர்களுக்கு "விசுவாசமான ஊழியர்" என்று அது ஒரு பெயர் சூட்டியது. அந்தப் பெயருக்கு விலையும் வைத்தது. முன்கூட்டிய ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்கு வேலை என்று வெகுமதிகள் வழங்கப்பட்டன. அதே மனிதருக்குத் தொழிலாளர் குடியிருப்பில் வேறொரு பெயர் இருந்தது: கருங்காலி. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் மரத்தின் பெயர். ஒரே மனிதர், ஒரே செயல், இரண்டு பெயரேடுகள். ஒன்று பணியாளர் பிரிவு அலுவலகத்தில் இருந்தது. மற்றொன்று தண்ணீர்க் குழாயடியிலும் தேநீர்க் கடையிலும் இருந்தது. 1977இல் ஆட்சி மாறியபோது வேலை நீக்கம் செய்யப்பட்டவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1979இல் ரயில்வே ஊழியர்களுக்கு உற்பத்தியுடன் இணைந்த போனஸ் வந்தது. அந்த போனஸ் கருங்காலிக்கும் வந்தது. அப்படி வரும் என்பது 1974இலேயே தெரிந்ததுதான். ஓசிச் சவாரி சாத்தியம் என்று தெரிந்தும் லட்சக்கணக்கானோர் வேலையையும் வீட்டையும் பணயம் வைத்தார்கள். கொள்கை உணர்வு ஒரு காரணம், கோரிக்கையின் நியாயம் ஒரு காரணம். சக தொழிலாளியின் முகத்தில் நாளை விழிக்க வேண்டுமே என்பதும் ஒரு காரணம். அதை இழிவாகக் கருத வேண்டியதில்லை.

இந்த மூன்றாவது காரணத்தை இயற்கை அறிவியல் வெகு காலமாக ஆராய்ந்து வருகிறது. மனித மரபு பற்றி 1871இல் வெளிவந்த தமது நூலிலேயே, சகமனிதரின் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் சமூகப் பண்புகளை வளர்த்த விசைகளில் ஒன்று என்று டார்வின் கருதினார். அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களோ "வல்லவன் வாழ்வான்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1875இல் லவ்ரோவுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் இந்தத் தந்திரத்தை அம்பலப்படுத்தினார். முதலாளித்துவப் போட்டியையும் மால்தஸின் மக்கள்தொகைக் கோட்பாட்டையும் சமூகத்திலிருந்து எடுத்து இயற்கைக்குள் வைக்கிறார்கள்; பிறகு அதே சரக்கை இயற்கையிலிருந்து எடுத்துச் சமூகத்தின் நிரந்தர விதி என்று விற்கிறார்கள். இதுவே அவருடைய விமர்சனத்தின் சாரம். குரோபோட்கின் 1902இல் பரஸ்பர உதவி பற்றிய நூலை வெளியிட்டபோது, அரசியலில் அவருடன் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும், இந்தச் சரக்குக்கு எதிரான கனமான சான்றுகளைத் திரட்டித் தந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வு கணிதத்தின் பக்கம் திரும்பியது. இரத்த உறவினருக்கு உதவுவதை 1964இல் ஹாமில்டன் விளக்கினார்; இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்ற கைம்மாறை 1971இல் டிரிவர்ஸ் விளக்கினார். ஆனால் உறவினரும் அல்லாத, மீண்டும் சந்திக்கவும் போகாத ஒருவருக்கு உதவுவது ஏன்? 1998இல் மார்ட்டின் நோவாக்கும் கார்ல் சிக்மண்டும் "நேச்சர்" இதழில் ஒரு விடையைத் தந்தார்கள். உதவியைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டியதில்லை. பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவர் தருவார். உதவியவருக்குப் பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயர் வேறோர் இடத்தில் உதவியாக மாறித் திரும்பி வருகிறது. இதற்கு அவர்கள் ஒரு நிபந்தனையையும் கண்டார்கள். உதவுபவருக்கு ஆகும் செலவு பத்து ரூபாய், பெறுபவருக்குக் கிடைக்கும் பயன் ஐம்பது ரூபாய் என்று கொண்டால், ஒருவரின் பெயர் மற்றவருக்குத் தெரிந்திருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒத்துழைப்பு நிலைக்காது. 2000ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மாணவர்களைக் கொண்டு வெடெகிண்டும் மிலின்ஸ்கியும் நடத்திய சோதனையில், தாராளமாகக் கொடுத்த பெயருடையவர்களுக்கே மற்றவர்களும் கொடுத்தார்கள். கொடுத்தவரிடமிருந்தே திரும்பப் பெறும் வழி அந்த விளையாட்டில் அடைக்கப்பட்டிருந்தது. 2002இல் மிலின்ஸ்கியும் அவருடைய சகாக்களும், பொதுநிதிக்குப் பணம் போடும் விளையாட்டையும் பெயர் சம்பாதிக்கும் விளையாட்டையும் மாறி மாறி நடத்தினால் பொதுநிதி வற்றாமல் இருக்கிறது என்று காட்டினார்கள்.

(கண்களின் படத்தை ஒட்டிவைத்தாலே மக்கள் நேர்மையாகக் காசு போடுகிறார்கள் என்று 2006இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத் தேநீர் அறையில் செய்த சோதனை மிகவும் புகழ்பெற்றது. பிற்காலச் சோதனைகள் எல்லாம் அதை உறுதிப்படுத்தவில்லை. பத்திரிகைகளுக்குப் பிடித்த சோதனை என்பதால் அதன்மீது அதிக பாரத்தை ஏற்ற வேண்டியதில்லை.)

அமைப்பு வேலை செய்பவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது அடுத்து வந்த ஆய்வு. நல்லது செய்தால் ஒரு புள்ளி கூட்டு, செய்யாவிட்டால் ஒரு புள்ளி கழி என்ற வெறும் எண்ணிக்கை போதாது என்பது விரைவில் புலப்பட்டது. ஓர் ஏமாற்றுக்காரனுக்கு உதவ மறுப்பவனையும் அந்த எண்ணிக்கை கெட்டவனாக்கிவிடுகிறது. மறுத்த காரணத்தை அது கேட்பதில்லை. ஜப்பானைச் சேர்ந்த ஓட்சுகியும் இவாசாவும் 2004இல், பெயரை மதிப்பிடும் விதியும் அதன்படி நடந்துகொள்ளும் விதியும் சேர்ந்த 4,096 இணைகளைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவற்றில் எட்டே எட்டு விதிகள்தான் உயர்ந்த அளவு ஒத்துழைப்பை நிலைநிறுத்தின. அந்த எட்டுக்கும் பொதுவான இயல்புகள் இவை: நல்லவருடன் ஒத்துழைப்பவர் நல்லவர், நல்லவரை ஏமாற்றுபவர் கெட்டவர், கெட்டவருக்கு உதவ மறுக்கும் நல்லவரின் பெயர் கெடாது, கெட்ட பெயர் எடுத்தவரும் திருந்தி நல்லவருடன் ஒத்துழைத்தால் இழந்த பெயரைத் திரும்பப் பெறலாம். பணிமனை வாசலில் கருங்காலியோடு பேச மறுத்த தொழிலாளி இந்தக் கணிதத்தைப் படித்ததில்லை. ஆனால் மூன்றாவது விதியும் நான்காவது விதியும் அவருக்குத் தெரியும். அடுத்த போராட்டத்தில் சேர்ந்துகொண்ட கருங்காலியைச் சங்கம் மீண்டும் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் வேறென்ன?

2018இல் கிருஷ்ணேந்து சாட்டர்ஜி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேலும் ஒரு திருத்தம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே, அரைகுறைத் தகவலுடன், பிழைகளுடன் மற்றவரை மதிப்பிடும்போது அந்த எட்டு விதிகளும் தடுமாறுகின்றன. ஒருவர் நல்லவர் என்று நினைப்பவரை இன்னொருவர் கெட்டவர் என்று நினைக்கிறார். சிறு பிழை பெருகிப் பிளவாகிறது. மதிப்பீடு பொதுவாக இருக்க வேண்டுமானால் மனிதர்கள் கூடிப் பேச வேண்டும். ஊர்வம்பு என்று ஒதுக்கப்படும் பேச்சுக்கும் ஒரு வேலை உண்டு.

இந்த ஆய்வுகள் மதிக்கத்தக்கவை. அவற்றின் குறை ஒன்றுதான், அது பெரிய குறை. அந்த விளையாட்டுகளில் முதலாளி இல்லை. எல்லோரும் சமமான ஆட்டக்காரர்கள்; எல்லோரும் எல்லோரையும் மதிப்பிடுகிறார்கள்; பெயரேடு யாருடைய சொத்தும் அல்ல. வர்க்க சமூகத்தில் அது எப்போதும் யாரோ ஒருவரின் சொத்தாக இருக்கிறது.

பெயரும் ஒத்துழைப்பும் எந்த மண்ணில் வளர்கின்றன என்பதையும் விளையாட்டுக் கணிதம் சொல்வதில்லை. ராபர்ட் வேட் 1988இல் வெளியிட்ட நூல், ஆந்திரத்தில் துங்கபத்திரைக் கால்வாய்ப் பாசனக் கிராமங்களை ஆராய்ந்தது. தண்ணீர் தாராளமாக வரும் தலைமடைக் கிராமங்களில் பொது ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. தட்டுப்பாடும் பயிரிழக்கும் அபாயமும் மிகுந்த கடைமடைப் பகுதிகளில், ஊரே பொதுச் செலவில் நீர்பாய்ச்சும் ஆட்களையும் பயிர்க் காவலரையும் வைத்திருந்தது. அதே மாவட்டம், அதே சாதிகள், அதே மொழி, வேறுபட்டது வாழ்நிலை. ஆகவே "அந்தக் காலத்தில் மனிதர்கள் நல்லவர்கள்" என்ற புலம்பலுக்கு இடமில்லை.

அந்தக் காலத்துப் பெயரேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் புலம்பல் தானே நின்றுவிடும். கிராமத்துப் பெயர் என்பது பெரும்பாலும் சாதியின் பெயர். ஊர்விலக்கு என்ற தண்டனை அந்தப் பெயரைக் காப்பதற்கே இருந்தது. பெண்ணின் நடத்தை பற்றிய பேச்சும் ஆணவக் கொலையும் அதே ஏட்டின் பக்கங்கள்தாம். சாதிக்குள் ஒத்துழைப்பு இறுக இறுக, வெளியே இருப்பவர் மீதான கொடுமை கூடியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டுச் செங்கொடியின் கீழ் திரண்டதே அவர்கள் செய்த குற்றம். எதிரே நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் மிராசுதாரர்களும் ஒத்துழைத்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது, கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள், சமூகத்தில் மதிப்புள்ளவர்கள், தாங்களே நடந்துசென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற போக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. மதிப்பு என்பது சாட்சியாக ஏறிநின்ற தருணம் அது. 44 பேரின் சாம்பலைவிட ஒரு வர்க்கத்தின் பெயர் கனமாக இருந்தது.

இதன் மறுபக்கம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சென்னை மாகாணத்திற்கு வந்தது. தமிழ்நாட்டில் மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ஒரு சமூகத்தில் பிறந்ததே கெட்ட பெயராக்கப்பட்டது. கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீசார் சுட்டனர், பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீக்கப்பட்டது. ஓட்சுகி, இவாசாவின் நான்காவது விதி, திருந்தியவர் பெயரைத் திரும்பப் பெறலாம் என்பது, அந்த ஏட்டில் கிடையாது. செய்யாத குற்றத்திலிருந்து எப்படித் திருந்துவது?

இனி ஹைதராபாத்துக்குத் திரும்பலாம். இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் இந்த நகரம் நுண்கடன் நிறுவனங்களின் தலைநகராக இருந்தது. எஸ்.கே.எஸ்., ஸ்பந்தனா, ஷேர் ஆகிய பெரிய நிறுவனங்கள் இங்கிருந்தே இயங்கின. ஏழைப் பெண்களிடம் அடமானம் வைக்கச் சொத்து இல்லை. அதனால் வங்கிகள் கடன் தரவில்லை. நுண்கடன் முதலாளிகள் கண்டுபிடித்தது, அவர்களிடம் அடமானம் வைக்கத்தக்க ஒரு சொத்து இருக்கிறது என்பதைத்தான்: மானம். ஐந்து பெண்களைச் சேர்த்து ஒரு குழு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். வாரந்தோறும் கூட்டம், அங்கே எல்லோர் முன்னிலையிலும் தவணை. இதைச் சக கண்காணிப்பு என்று பெயரிட்டு 1990இல் பொருளாதார அறிஞர் ஸ்டிக்லிட்ஸ் விளக்கினார். வங்கிக்கு ஆகவேண்டிய கண்காணிப்புச் செலவு அண்டை வீட்டுப் பெண்ணின் தலையில் ஏற்றப்படுகிறது என்பது அதன் பச்சையான பொருள். முகமது யூனுஸின் கிராமீன் வங்கிக்கு 2006இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது உலகமே இந்த ஏற்பாட்டைப் பாராட்டியது. அதே வங்கதேசத்தின் கிராமங்களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் லாமியா கரீம், இதை அவமானத்தின் பொருளாதாரம் என்று அழைத்தார்.

சீட்டில் இருக்கும் அதே நெருக்கம், அதே அண்டை வீடு, அதே பெயர். வேறுபாடு பணம் போகும் திசையில் இருந்தது. சீட்டின் கசர் சீட்டுக்காரர்களுக்கே பிரிகிறது. நுண்கடனின் வட்டி குழுவை விட்டு வெளியேறி, தெருவை விட்டு வெளியேறி, பங்குச் சந்தைக்குப் போனது. 2010 ஜூலை இறுதியில் எஸ்.கே.எஸ். தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்று 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. வெளியிட்ட பங்குகளைப் போலப் பதின்மூன்று மடங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. அதே மாதங்களில் ஆந்திரக் கிராமங்களிலிருந்து பெண்களின் தற்கொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. நிறுவனத்தின் ஆள் வந்து மிரட்டியது மட்டுமல்ல. குழுப் பெண்களே வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தோழியின் கடனைத் தானும் கட்ட வேண்டியிருப்பதால் தோழி பகைவியானாள். ஒத்துழைப்புக்கு உயிரான பெயர், உயிரைக் குடிக்கும் கருவியானது.

2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. கட்டாய வசூலும் வாரத் தவணையும் தடுக்கப்பட்டன. அடுத்து நடந்ததைப் பொருளாதார நிபுணர்கள் "கடன் ஒழுக்கம் சீர்குலைந்தது" என்று எழுதினார்கள். ஏறக்குறைய முழுமையாக இருந்த திருப்பிச் செலுத்தும் விகிதம் ஆந்திரத்தில் அதலபாதாளத்திற்குச் சரிந்தது. இந்தச் சரிவைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஒருத்தி மட்டும் கட்டாதபோது அவள் கடன்காரி, மானமற்றவள். தெருவே கட்டாதபோது அந்தச் சொல்லுக்கு ஒலி இருந்தது, பொருள் இல்லை. யாரைப் பார்த்து யார் வெட்கப்படுவது? பெயரைக் கொடுப்பதும் எடுப்பதும் கூடிவாழும் மக்களின் பொது மதிப்பீடுதான். நிறுவனம் அதை இரவல் வாங்கியிருந்தது, அவ்வளவே. மதிப்பீடு திரும்பப் பெறப்பட்டவுடன் கோடிக்கணக்கான ரூபாய்ச் சந்தை மதிப்பு ஆவியானது. ஆனால் திட்டமிட்ட இயக்கமாக அது வளரவில்லை. அவசரச் சட்டம் அரசிடமிருந்து வந்தது. பெண்களின் அமைப்பு அதை நடத்திச் செல்லும் அளவுக்கு எல்லா இடங்களிலும் வலுவாக இல்லை.

முதலாளித்துவம் பாடம் கற்றுக்கொண்டது. தெருவின் கண்ணை மட்டும் நம்பாமல், கடன் தகவல் நிறுவனங்களின் கணினியை அது அதிகம் சார்ந்தது. இன்று சிபில் எண் தெரியாத நடுத்தரக் குடும்பம் இல்லை. 2011இல் ரிசர்வ் வங்கி நுண்கடன் வட்டிக்கு 26 சதவீத உச்சவரம்பு வைத்தது. 2022இல் உச்சவரம்பு முறையையே எடுத்துவிட்டது. விளைவு மீண்டும் வீதிக்கு வந்துவிட்டது: 2025இல் கர்நாடகமும் தமிழ்நாடும் கட்டாய வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது.

மாரெட்பள்ளித் தெருக்களில் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் இரு சக்கர வாகனங்களில் இப்போது பெயரேட்டின் புதிய பதிப்பு ஏறிச் செல்கிறது. நிதி ஆயோக்கின் 2022ஆம் ஆண்டு அறிக்கை, 2020-21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும் 2029-30இல் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. இவர்களுடைய பெயர் ஐந்து நட்சத்திரங்களில் எழுதப்படுகிறது. உணவகத்தின் சமையலறையில் தாமதமாகிறது, சாலையில் மழை, வாடிக்கையாளர் பசியில் இரண்டு நட்சத்திரம் போடுகிறார். எதற்காகக் குறைந்தது என்பது தொழிலாளிக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆய்வாளர்கள் போதாது என்று எப்போதோ தள்ளிவைத்த அந்த வெறும் எண்ணிக்கைதான் இது: காரணம் கேட்காத, மன்னிப்பு அறியாத எண்ணிக்கை. நட்சத்திரம் குறைந்தால் வேலை குறைகிறது; மேலும் குறைந்தால் ஒரு நாள் காலையில் செயலி திறக்க மறுக்கிறது. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை. ஒரு நிறுவனத்தில் ஐந்தாண்டு உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை இன்னொரு நிறுவனத்திற்கு எடுத்துச் செல்லவும் முடியாது. உழைத்தவர் இவர், பெயர் கம்பெனியின் சொத்து. அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் 2021 அக்டோபரில் குருகிராமில் போராடியபோது, கமிஷனுடன் மதிப்பெண் தண்டனையும் அவர்களுடைய குறையாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் போராடிய தொழிலாளர்கள் மீதே கம்பெனி நீதிமன்றத்திற்குப் போனது.

ஹைதராபாத்தில் 2024 ஏப்ரலில் நடந்த ஓர் இயக்கம் இதன் உள்ளோட்டத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. தெலங்கானா கிக் மற்றும் செயலித் தொழிலாளர் சங்கம் வாடகைக் கார் ஓட்டுநர்களிடையே "ஏசி வேண்டாம்" என்ற அறைகூவலை விடுத்தது. கம்பெனி தரும் கட்டணத்தில் குளிர்சாதனத்திற்கான எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது என்பது வாதம். ஹைதராபாத்தின் ஏப்ரல் வெயில் எல்லோருக்கும் தெரியும். ஏசி போடாத ஓட்டுநருக்குப் பயணி நட்சத்திரத்தைக் குறைக்கிறார். போட்ட ஓட்டுநருக்கு ஐந்தும் தருகிறார். ஒவ்வொரு காருக்குள்ளும் ஓட்டுநர் தனியாக இருக்கிறார். 1974இன் இரண்டு ஏடுகள் மீண்டும் மோதுகின்றன. ஆனால் இம்முறை ஒன்று தொலைபேசித் திரையில் நொடிக்கு நொடி ஒளிர்கிறது. மற்றொன்று, சக ஓட்டுநர்களின் ஏடு, எங்கே இருக்கிறது? பணிமனை வாசல் இல்லை, குடியிருப்பு இல்லை, குழாயடி இல்லை. ஒருவர் ஏசி போட்டாரா இல்லையா என்பதே மற்றவருக்குத் தெரியாது. நோவாக், சிக்மண்ட் சொன்ன நிபந்தனையை நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது: பெயர் தெரிந்திருக்கும் வாய்ப்பு ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒத்துழைப்பு நிலைக்காது. தொழிலாளியின் உறுதி குறைந்துவிட்டது என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். 1974இன் தொழிலாளியை ஒரு காருக்குள் தனியாக அடைத்து, கையில் ஒரு செயலியைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

ஆயினும் உணவக வாசலில் ஆர்டருக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடம் இருக்கிறது. விமான நிலைய வாகன நிறுத்துமிடம் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. விபத்தில் சிக்கியவருக்கு மருத்துவமனைச் செலவு திரட்டுவதும், பணம் தராத வாடிக்கையாளர் பற்றி எச்சரிப்பதும் அங்கேதான் நடக்கின்றன. யார் கொடுத்தார், யார் ஓடி வந்தார் என்ற ஏடு அங்கே ஏற்கெனவே எழுதப்படுகிறது. சங்கம் அங்கே போக வேண்டும், வேலைநிறுத்த நோட்டீசுடன் மட்டும் போனால் போதாது. சந்தாக் கணக்கை மாதந்தோறும் அதே குழுவில் வெளியிடுவது, விபத்து நிதியை உறுப்பினர் அறிய வழங்குவது, ஒரு போராட்டத்தில் பின்வாங்கியவரை அடுத்த மாதம் பெயர் சொல்லி அழைப்பது ஆகியவை சிறு வேலைகளாகத் தோன்றும். பொது மதிப்பீடு உருவாவது அவற்றில்தான். தெருச்சீட்டு நடத்தும் பெண்கள் இந்த நுட்பத்தில் பல சங்க நிர்வாகிகளைவிடத் தேர்ந்தவர்கள். நோட்டுப் புத்தகத்தை யார் கேட்டாலும் காட்டுவார்கள். அந்தச் சீட்டிலும் ஒரு குறை உண்டு: "தெரிந்தவர்" இல்லாத வீட்டு வேலைப் பெண்ணும் நேற்று வந்த கட்டுமானத் தொழிலாளியும் அதில் சேர முடியாது. அவர்களுக்கு மிஞ்சுவது நுண்கடன்தான்.

இன்னொரு விஷயமும் உண்டு, சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். கட்சி உறுப்பினர்களும் உணவு வரவழைக்கிறார்கள், கார் அழைக்கிறார்கள். அவர்களுடைய விரலும் நட்சத்திரம் போடுகிறது. கம்பெனிக்காகச் சம்பளமில்லாமல் மேற்பார்வையாளர் வேலை செய்கிறோம் என்பது அப்போது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

சட்டக் களத்தில் சிறிது நகர்வு இருக்கிறது. 2023இல் ராஜஸ்தான் முதல் சட்டத்தை இயற்றியது. 2025இல் கர்நாடகம் இயற்றிய சட்டம், தொழிலாளியை நீக்குவதற்கு முன் காரணத்துடன் 14 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. தானியங்கிக் கண்காணிப்பும் மதிப்பீடும் எப்படி இயங்குகின்றன என்பதைத் தொழிலாளிக்குத் தெரிவிக்கவும் கம்பெனிகளைப் பணிக்கிறது. தெலங்கானா அரசு 2025 ஏப்ரலில் ஒரு வரைவு மசோதாவைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. நலநிதிக்கு எத்தனை சதவீதம் என்பதிலேயே விவாதம் பெரும்பாலும் சுழன்றது. நட்சத்திரத்தின் காரணத்தைக் கேட்கும் உரிமை, அதை எதிர்த்து முறையிடும் உரிமை, முறையீட்டை விசாரிக்கும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதி அமரும் உரிமை, உழைத்துச் சேர்த்த மதிப்பெண்ணை வேறு கம்பெனிக்கு எடுத்துச் செல்லும் உரிமை ஆகியவை கோரிக்கைப் பட்டியலில் சதவீதத்துக்குக் கீழே எங்கோ கிடக்கின்றன. அடுத்த வாரம் லாலாகுடா, மாரெட்பள்ளி பகுதிகளில் தொழிலாளர்களைச் சந்திக்கப் போகும் தோழர்கள் அந்த நான்கையும் முதலில் பேசிப் பார்க்கட்டும். எதற்கு அவர்கள் வண்டியின் எஞ்சினை அணைத்துவிட்டு நின்று கேட்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வரட்டும்.